ஓலையும் லொறியும்

1904இல் எங்கள் ராகலை வரை வந்த சிறிய ரயில்பாதை இன்றில்லை, தேயிலை லொறியேறிவிட்டது. லொறியின் வரலாற்றிலோ போருக்குப் பெரும்பங்குண்டு. 1944இல் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் கண்டிக்கு வந்தது. அந்தப் போருக்கெனக் கனடா மட்டும் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களைச் செய்தது. அவற்றுள் எஞ்சிய போர்ட், செவர்லே லொறிகளை ஆர்வலர்கள் இன்று புதுப்பித்து ஓட்டுகின்றனர்.

உதிரிப்பாகம் தேடினால் கிடைக்கும். கிளச்சை இருமுறை மிதித்து, இடையே எஞ்சினை முடுக்கி, கியர் மாற்றும் பழக்கம் கடையில் கிடைக்காது. அது தவறினால் மலை இறக்கத்தில் கீழ்க் கியர் விழாது. பிரேக் ஒன்றே கதி.

தமிழாசிரியனான எனக்கு ஏட்டுச்சுவடி நினைவுக்கு வருகிறது. ஓலையைக் காத்தால் போதுமா? வாசிக்கத் தெரிந்தவரும் வேண்டுமே. அப்பழக்கமறிந்த முதிய தோட்டச் சாரதிகள் இருக்கும்போதே கேட்டெழுதி வைப்போம்.