கொல்லிப்பாவை கொன்றாளா?

சேந்தமங்கலத்துக் கடைவீதியில் நின்று கிழக்கே நோக்குவோரின் கண்ணை நிறைப்பது கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் பலாவும் மிளகும் விளையும் வளமான மண். ஆயினும் எம் ஊர்ச் சிறுவன் அம்மலையைப் பற்றி முதன்முதலில் கேட்பது பலாவின் இனிமையை அன்று, பாவையின் சிரிப்பை! "சிரித்தே கொல்லுவாள்" என்கிறாள் பாட்டி. சோற்றுருண்டையோடு அச்சமும் தொண்டையில் இறங்குகிறது.

சென்ற மழைக்காலத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன் மலைக்குச் சென்று திரும்பிய ஒரு வாரத்தில் காய்ச்சலில் விழுந்தான். "பாவை பார்த்துவிட்டாள்" என்றனர் வீட்டார். மந்திரித்தனர்; கயிறு கட்டினர்; வேப்பிலை அடித்தனர். நான்கு நாட்கள் இவ்வாறு கழிந்தன. ஐந்தாம் நாள் மருத்துவமனையில் குருதியைச் சோதித்தபோது டெங்கு என்று தெரிந்தது. பையன் பிழைத்தான். ஆனால் அந்த நான்கு நாட்களைத் திருடியவர் யார்? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய ஏடுகளைப் புரட்ட வைத்தது.

என்ன வியப்பு! சங்கப் புலவர் கண்ட பாவை கொலைகாரி அல்லள். குறுந்தொகை 89ஆம் பாடலில் பரணர், உலக்கை பிடித்துக் குற்றியபடி பாட்டிசைக்கும் இளம்பெண்ணுக்கு அவளை உவமையாக்குகிறார். காற்று மோதினும், இடி விழினும், நிலமே நடுங்கினும் அழகு குன்றாதவள் என்கிறது நற்றிணை 201ஆம் பாடல். உழைக்கும் பெண்ணின் எழிலுக்கு உவமையானவள், உயிர் குடிக்கும் பூதமானது எங்ஙனம்?

நற்றிணை 185ஆம் பாடலில், காதலி இரங்காமையால் வாடும் தலைவன், பாவை போன்றவள் தன்னைக் கொல்லத் துணிந்தாளே என்று புலம்புகிறான். அது காதலனின் ஏக்கம், கவிதையின் மிகை. பிற்காலக் கதையோ, தேவர் அமைத்த பாவை என்றும், அசுரர் வருகை அறிந்து நகைத்து, மயக்கி, மாய்ப்பவள் என்றும் கூறிற்று. அன்று காதலன் கண்ணீரில் பிறந்த சொல்லே பின்னர்க் கோரைப்பல் பெற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. உவமை உருவமாயிற்று, நகை நஞ்சாயிற்று. கொல்லும் பூதத்துக்குப் பெண்ணின் முகத்தையே தேடிப் பொருத்தினரே, அது தற்செயலா? பெண்ணின் சிரிப்புக்கு அஞ்சிய சமுதாயத்தின் உள்ளமன்றோ அங்கே தெரிகிறது!

அம்மலையில் குருதி சிந்தியதும் உண்மைதான். சிந்தியவர் யார்? அகநானூறு 209ஆம் பாடலில் கல்லாடனார் விடை தருகிறார். முள்ளூர் மன்னன் காரி, வல்வில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அதே பாட்டில் பாவையும் வருகிறாள், பலரும் புகழும் அழகியாக! கொன்றவன் மன்னன்; பழி சுமந்தவள் பாவை.

அப்படியாயின் மக்களின் அச்சம் முழுப் பொய்யா? அன்று. பரணரே கொல்லியை அச்சம் மிகுந்த மலை என்கிறார். அடர்ந்த காடு, கொடிய விலங்கு, அருவியின் பேரிரைச்சல் இவையெல்லாம் அச்சந்தருவனவே. மலைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியாவும் அங்கு நெடுங்காலம் உயிர்களைக் கொண்டது. அச்சம் மெய், அதற்கு இட்ட பெயரே பொய்.

1897ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு இலண்டனில் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் வெளிவந்தது. இரவில் வந்து குருதி குடிக்கும் பிரபுவின் கதை. அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். இரவில் வந்து குருதி குடிக்கும் மெய்யான அரக்கன் அகப்பட்டான்! ஒருவர் அச்சத்துக்கு முகம் வரைந்தார். மற்றவர் அச்சத்தின் வேரைக் கண்டார்.

கதை எழுதியவர் மீது குற்றமில்லை. டிராகுலாவைப் படிப்பவன் நூலை மூடியதும் அது கதை என்று உணர்கிறான். இருட்டிலும் பிரிவிலும் சாவிலும் மனிதன் எதற்கு நடுங்குகிறான் என்பதைக் கற்பனைப் பூதங்கள் காட்டுகின்றன. அவை உள்ளத்தின் கண்ணாடி. அக்கண்ணாடியையே கதவென்று நம்பவைத்து, வாயிலில் அமர்ந்து தட்சிணை கேட்பவனே குற்றவாளி.

ஆகவே இளைஞர்களே, பாட்டியின் கதையைப் பறிக்காதீர்கள், கேளுங்கள், சுவையுங்கள். கேட்டபின் ஒரு கேள்வி எழுப்புங்கள்: "இந்த அச்சம் எதனால் வந்தது?" பூதத்தைக் கண்டு நகைப்பது எளிது. பூதத்தின் பின்னே ஒளிந்திருக்கும் காரணத்தைக் கண்டுபிடிப்பதே பகுத்தறிவு.

மலேரியாக் கொசு வேறு, டெங்குக் கொசு வேறு, பாடம் ஒன்றே. மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். அவன் தாய் மலையை நோக்கிக் கும்பிட்டுக் கொண்டிருந்தார். முற்றத்தில் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி. அதில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. "அம்மா, அவனைக் கடித்த பூதம் மலையில் இல்லை, இங்கேதான் பிறந்திருக்க வேண்டும்" என்றேன். எட்டிப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சென்றபோது தொட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.