பட்டியலின் ஐந்தாவது பெயர்: கிங் ஆல்ஃபிரட் பள்ளியின் தோற்றம் குறித்து ஒரு மறுவாசிப்பு

லண்டன் ஹாம்ஸ்டெட்டில் 1898இல் தொடங்கப்பட்ட கிங் ஆல்ஃபிரட் பள்ளியை ஐரோப்பியக் கல்விக் கோட்பாடுகளின் செயல்வடிவமாகக் காண்பது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. இப்பார்வை பெரிதும் ஓர் ஆவணத்தையே நம்பி நிற்கிறது. பள்ளியை நடத்துவதற்கென அமைந்த சங்கத்தின் நோக்க அறிக்கைதான் அது. பெஸ்டலாட்சி, ஃப்ரோபெல், ஹெர்பார்ட், ஹெர்பர்ட் ஸ்பென்சர், லூயி காம்ப்டன் மையால் ஆகியோரின் கல்விமுறைகளை ஆராய்வதும் சிறந்தவற்றை நடைமுறைப்படுத்துவதும் சங்கத்தின் நோக்கங்களாக அதில் சொல்லப்படுகின்றன. முதல் நான்கு பெயர்களைக் கொண்டே பள்ளியின் வரலாறு எழுதப்பட்டுவந்திருக்கிறது. ஐந்தாவது பெயர் போதிய கவனம் பெறவில்லை.

மையால் தத்துவவாதி அல்லர். லீட்ஸ் நகரில் உயிரியல் கற்பித்த பேராசிரியர். பள்ளியை நிறுவியவர்களிலும் அதே குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் இருந்தார். இதை மட்டுமே வைத்து முடிவு கட்டுவது பொருந்தாது. ஆயினும் பெஸ்டலாட்சிக்குச் சமமாக லீட்ஸ் பேராசிரியர் வைக்கப்பட்டிருப்பது, பட்டியல் எவருடைய கையிலிருந்து வந்தது என்ற கேள்வியை எழுப்புகிறது. மற்ற நால்வரும் ஒருமித்த கருத்தினர் அல்லர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆசிரியரின் திட்டமிட்ட போதனையை முன்னிறுத்திய ஹெர்பார்ட்டையும் விளையாட்டிலிருந்து கல்வியைத் தொடங்கிய ஃப்ரோபெலையும் பின்பற்றி ஒரே பாடத்திட்டம் வகுப்பது எளிதல்ல. ஆகவே இப்பட்டியலைக் கொள்கைப் பிரகடனமாகக் கொள்வதைவிட, சங்கத்தை அமைத்த, ஒரே வட்டாரத்தில் வாழ்ந்த பெற்றோரின் வாசிப்புத் தடமாகக் கொள்வதே பொருத்தம். ஆவணத்தின் கனம் பெயர்களில் இல்லை. தலைமையாசிரியர் ஒருவர் எழுத வேண்டியதைச் சங்கம் எழுதியிருப்பதில் இருக்கிறது.

சமகாலப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1889இல் செசில் ரெட்டி தொடங்கிய அபட்ஸ்ஹோம் விடுதிப் பள்ளி அவரையே சுற்றி இயங்கியது. 1927இல் அவர் விலகும்போது அங்கே விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களே எஞ்சியிருந்தனர். கிங் ஆல்ஃபிரட்டின் முதல் தலைமையாசிரியர் சார்லஸ் ரைஸ் சில ஆண்டுகளிலேயே போய்விட்டார், பள்ளி போகவில்லை. 1901இல் ஜான் ரசல் பொறுப்பேற்றார். முதல் உலகப் போருக்குப் பின் பள்ளி கோல்டர்ஸ் கிரீனுக்கு இடம்பெயர்ந்து வளர்ந்தது. ரசலின் ஆளுமையே பள்ளியை உருவாக்கியது என்பாருக்கு ஒரே பதில் போதும்: அவரை நியமித்தது சங்கம்.

இருபாலர் கல்வியையும் இக்கோணத்திலேயே விளக்கலாம். 1893இல் பிறந்த பீடேல்ஸ் விடுதிப் பள்ளி, சிறுமியரைச் சேர்க்க 1898 வரை காத்திருந்தது. கிங் ஆல்ஃபிரட்டில் முதல் நாளிலிருந்தே இருபாலரும் ஒன்றாகப் படித்தனர். பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பும் பகல்நேரப் பள்ளியில், விடுதி எழுப்பும் அச்சங்களுக்கு இடம் குறைவு. சிறுவரும் சிறுமியரும் ஒரே வீட்டில் வளர்வதை அன்றாடம் கண்ட பெற்றோரே இங்கு முடிவெடுப்பவர்களாகவும் இருந்தனர்.

கோட்பாடுகளுக்குப் பங்கே இல்லை என்பது என் வாதமன்று. அவற்றைத் தேர்ந்தெடுத்து, பணம் திரட்டி, ஆசிரியரை அமர்த்திய அமைப்பை ஓரம்கட்டிவிட்டு எழுதப்படும் வரலாறு, பள்ளி ஏன் தொடங்கியது என்பதைச் சொல்லக்கூடும். அது ஏன் நிலைத்தது என்பதைச் சொல்லாது.