அம்மாவின் கண்ணும் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டும்

போன மாசம் எங்க அம்மாவுக்குக் கண் செக்கப். விழித்திரையோட நடுப்பகுதி பாதிக்கப்பட ஆரம்பிச்சிருக்கு, வயசானா வர்ற மாக்குலர் டிஜெனரேஷன்னு டாக்டர் சொன்னார். அன்னைக்கு ராத்திரியே ஃபேமிலி குரூப்ல ஒரு ஃபார்வர்டு: "குடலைச் சுத்தம் பண்ணுங்க, கண் தெளியும்." சிரிச்சுட்டு விட்டிருப்பேன். தேடிப் பார்த்தா, இதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேல ஒரு கதை இருக்கு.

1892, பெர்லின். ராபர்ட் கோக்கின் மாணவர் ரிச்சர்ட் ஃபைஃபர், காலரா கிருமியைச் சூடாக்கிக் கொன்று, அதைக் கினிப் பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றினார். கிருமி செத்திருந்தும் விலங்குகள் இறந்தன. இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்னு சொல்வோமே, அதேதான்! விஷம் கிருமியின் உடம்பிலேயே இருந்தது. அதற்கு எண்டோடாக்ஸின் என்று பெயர் வந்தது. அது சில வகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் பொருள் என்பது பிறகு தெரிந்தது. அந்த வகை பாக்டீரியாக்கள் நம்ம குடலிலும் கோடிக்கணக்கில் இருக்கு.

அடுத்து ஒரு சந்தேகம் பரவியது: உள்ளே இருக்கும் கிருமி விஷம் ரத்தத்தில் கலந்து வேறு உறுப்பைக் கெடுக்குமா? பாரிஸில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப் புளித்த பாலைப் பரிந்துரைத்தார். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற சர்ஜன் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். கண்ணுக்குள் அழற்சி வந்தவர்களுக்குப் பல்லைப் பிடுங்கினார்கள், டான்சிலை எடுத்தார்கள். அமெரிக்காவின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் நோயாளிகளின் பற்களையும் குடலையும் அகற்றினார். குடல் ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு சுமார் முப்பது பேர் இறந்ததாக அவரே கணக்கு சொன்னார். முப்பது பேர்!

பிறகு அந்தக் கொள்கை செல்வாக்கு இழந்தது. ஆனா கேள்வி சாகலை. 1980-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கு எண்டோடாக்ஸினை ஏற்றினார்கள், கண்ணில் அல்ல, உடம்பில் வேறு இடத்தில். அழற்சி கண்ணுக்குள் வந்தது. 2015-இல் அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தில் ரேச்சல் காஸ்பியின் குழு, விழித்திரையைத் தாக்கும் நோயெதிர்ப்பு செல்கள் குடலில் தூண்டப்படுவதைச் சுண்டெலிகளில் காட்டியது. 2016-இல் மான்ட்ரியல் குழு ஒன்று கொழுப்பு மிகுந்த உணவைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தது. குடல் பாக்டீரியாக்கள் மாறின, குடல் சுவர் கசிந்தது, விழித்திரைக்கு அடியில் தேவையில்லாத ரத்தக்குழாய்கள் அதிகமாக வளர்ந்தன. அம்மாவுக்கு வந்த நோயின் தீவிர வடிவத்திலும் இப்படித்தான் நடக்குது.

கவனிங்க, இதெல்லாம் எலிகள்ல பார்த்தது. குடல் சுத்தம் செஞ்சா மனுஷங்களுக்கு விழித்திரை சரியாகும்னு யாரும் நிரூபிக்கலை. சிகரெட் இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டும்ங்கிறது மட்டும் நல்லாவே நிரூபணமான விஷயம்.

காட்டனோட நோயாளிகளைக் கொன்னது அந்தச் சந்தேகம் இல்லை, பதில் வர்றதுக்கு முன்னாடி எடுத்த கத்தி. இன்னைக்கு அந்தக் கத்தி பவுடர் பாக்கெட்ல வருது. குரூப்ல இதைத்தான் எழுதினேன். பெரியம்மா ஒரு கும்பிடு எமோஜி போட்டாங்க, அவ்வளவுதான்.

அம்மா மட்டும் கேட்டாங்க, "அப்போ தயிர் சாப்பிடலாமாடா?"

"தாராளமா சாப்பிடும்மா. ஆனா அடுத்த மாச செக்கப்பை மட்டும் விட்டுடாதே."

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.