டிக்கியில் போன படப்பெட்டி

இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தவர் கடைசிவரை இதைப் பார்க்கவே இல்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் தீயணைப்புச் சாதனங்கள் தயாரித்து விற்றுவந்த கண்ணியமான குடும்பஸ்தர் அவர். மகன் ஜான் வாட்டர்ஸ் கடன் கேட்டார், அப்பா கொடுத்தார். மகன் அதை வட்டியோடு திருப்பிக் கட்டினார். படத்தைப் பார்க்க வேண்டாம் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் முழு உடன்பாடு. மொத்தச் செலவு சுமார் 10,000 டாலர். படத்தின் பெயர் ‘பிங்க் ஃபிளமிங்கோஸ்’.

வாட்டர்ஸ் 1946இல் பிறந்தவர். சின்ன வயதில் அக்கம்பக்கத்துப் பிறந்தநாள் விழாக்களில் பொம்மலாட்டம் காட்டிக் காசு பார்த்தவர். பாட்டி வாங்கிக் கொடுத்த 8 மி.மீ. கேமராவில் படம் எடுக்கத் தொடங்கினார். சினிமா படிக்க நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கஞ்சா விவகாரத்தில் வெளியே அனுப்பினார்கள். ஊருக்குத் திரும்பியதும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஒரு பட்டாளத்தை உருவாக்கினார். அந்தப் பட்டாளத்தின் நட்சத்திரம் கிளென் மில்ஸ்டெட் என்ற குண்டு இளைஞர். பெண் வேடம் போட்டால் அவர் பெயர் டிவைன். ஒப்பனைக்காரர் வான் ஸ்மித் அவருடைய முன்மண்டையைப் பாதிவரை மழித்துவிட்டு, காலியான இடத்தில் புருவத்தை வரைந்தார். சாதாரண நெற்றியில் அவ்வளவு மைக்கு இடம் போதாதாம்.

கதையைச் சொல்கிறேன், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். உலகத்திலேயே மிக அசிங்கமான ஆள் என்று பத்திரிகைகளில் பெயர் வாங்கிய பாப்ஸ் ஜான்சன் (டிவைன் போட்ட வேடம்), ஒரு டிரெய்லர் வண்டி வீட்டில் குடும்பத்தோடு ஒளிந்து வாழ்கிறாள். அவளுடைய அம்மா குழந்தைகளை விடும் கம்பித் தொட்டிலுக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க முட்டை தின்கிறாள். அந்தப் பட்டம் தங்களுக்கே சேரவேண்டும் என்று மார்பிள் தம்பதி போட்டிக்கு வருகிறார்கள். ஆள்கடத்தல், குழந்தை விற்பனை, தபாலில் மலம் அனுப்புதல் என்று போட்டி முற்றி, கொலையில் முடிகிறது. எல்லாம் முடிந்த பிறகு டிவைன் தெருவில் ஒரு நாயின் பின்னால் நடந்து, அது போட்டதை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். ஒரே ஷாட், வெட்டு கிடையாது, நடிப்பும் கிடையாது. பால்டிமோரின் டைசன் தெருவில் எடுத்த காட்சி அது. உடம்புக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயத்தில், தன் மகன் தெரியாமல் தின்றுவிட்டான் என்று ஓர் அம்மாவின் குரலில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்ததாக டிவைன் பின்னால் சொல்லியிருக்கிறார்.

முட்டை தின்னும் அம்மாவாக வந்த ஈடித் மாஸி நடிகையே அல்ல. துறைமுகப் பக்கத்தில் ஒரு மதுக்கடையில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். டிரெய்லரை நூறு டாலருக்கு வாங்கி, கலை இயக்குநர் வின்சென்ட் பெரானியோ நண்பரின் பண்ணையில் கொண்டுபோய் நிறுத்தி அலங்கரித்தார். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் ஃபிளமிங்கோ. 1957இல் சந்தைக்கு வந்து, அமெரிக்க நடுத்தர வர்க்கம் புல்வெளியில் நட்டுவைத்து மகிழ்ந்த பொம்மை அது. படத்தின் தலைப்பும் அதுவே. வார இறுதிகளில் மட்டும், குளிரில் நடுங்கிக்கொண்டு, 16 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள். கதையில் அந்த டிரெய்லரைக் கொளுத்தியும் விட்டார்கள், தீயணைப்புச் சாதனக்காரரின் காசில்.

இதை எங்கே காட்டுவது? மேரிலாண்டில் அப்போது மாநிலத் தணிக்கை வாரியம் இருந்தது. 1916இல் தொடங்கி 1981வரை உயிரோடிருந்த அதுதான் அமெரிக்காவில் கடைசியாகக் கண் மூடிய மாநிலத் தணிக்கை வாரியம். அதன் உறுப்பினர் மேரி அவாரா ஆபாசத்துக்கு எதிராகத் தொலைக்காட்சிவரை போய் முழங்கிய பெண்மணி. வாட்டர்ஸுக்கு அவரால் கிடைத்த விளம்பரம் கொஞ்சமல்ல. முந்தைய படங்களை வாட்டர்ஸ் தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் காட்டினார். பெட்டியைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஓட்டினார். ‘பிங்க் ஃபிளமிங்கோஸ்’ 1972 மார்ச்சில் பால்டிமோர் பல்கலைக்கழக வளாகத்தில், உள்ளூர்த் திரைப்பட விழாவில் முதன்முதலாக ஓடியது. அரங்கு நிறைந்தது.

டிக்கியிலிருந்து பெட்டியை வாங்கி வெளியூர் அனுப்பியவர் ராபர்ட் ஷே. 1967இல் அவர் தொடங்கிய நியூ லைன் சினிமா, கல்லூரிகளுக்கு விசித்திரப் படங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த சின்னக் கம்பெனி. நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் எல்ஜின் என்ற பழைய தியேட்டர். அதை நடத்திய பென் பாரன்ஹோல்ட்ஸ், 1970 கடைசியில் ஹோடரோவ்ஸ்கியின் ‘எல் டோப்போ’வை நடுராத்திரிக் காட்சியாகப் போட்டு, பகலில் ஓடாத படத்துக்கும் ஆள் வரும் என்று நிரூபித்திருந்தார். 1973இல் அந்த நேரத்துக்கு நம் படம் போய்ச் சேர்ந்தது.

நியூ லைன் தயாரித்த முன்னோட்டத்தில் படத்திலிருந்து ஒரு துண்டுகூட இல்லை. பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் மைக்கை நீட்டி, அவர்கள் முகத்தையும் பேச்சையும் மட்டும் ஓட்டினார்கள். சில அரங்குகளில் வாந்திப் பை கொடுத்தார்கள். ‘வெரைட்டி’ பத்திரிகை, இதுவரை வந்ததிலேயே கேவலமான, முட்டாள்தனமான படங்களில் ஒன்று என்று கிழித்தது. வாட்டர்ஸ் அந்த வசையையே விளம்பரத்தில் போட்டுக்கொண்டார். வந்தவர்கள் மறு வாரம் நண்பர்களோடு வந்தார்கள். வசனம் மனப்பாடமாகி, திரைக்கு முன்னால் ஒரு கோஷ்டியே சேர்ந்து கத்தியது. நடுராத்திரியில் விழித்திருப்பவர்கள், குடித்தவர்கள், ஓரினக் காதலர்கள், வீட்டோடு ஒத்துப்போகாதவர்கள் என்று ஒரு புதுக் கூட்டம். இந்தப் படத்தின் பாதி வேலையை அந்தக் கூட்டம்தான் செய்தது என்பது என் கட்சி.

அதற்குச் சாட்சி நீதிமன்றத்தில் கிடைத்தது. சில ஊர்களில் ஆபாச வழக்குப் போட்டார்கள். காலையில் காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த நடுவர் குழுவுக்கு அதே படத்தை ஓட்டிக் காட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போனபோதெல்லாம் தோற்றோம் என்று வாட்டர்ஸே பல மேடைகளில் சொல்லிச் சிரிக்கிறார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேடிக்கை, காலை பத்து மணிக்குக் குற்றம். பெட்டிக்குள் இருந்த பிலிம் ஒன்றே.

எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கத் தயாரில்லை. படத்தில் ஒரு கோழி உண்மையாகவே சாகிறது. சாப்பிடுவதற்காக விற்கும் கோழிதான், படப்பிடிப்பு முடிந்ததும் சமைத்துத் தின்றோம் என்று வாட்டர்ஸ் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மேன்சன் கும்பலின் கொலைகளை வைத்துச் செய்த கிண்டலும் அப்படியே. அதைப் பற்றி அவரே பிற்காலத்தில் வருந்தி எழுதியிருக்கிறார்.

பிறகு வீடியோ கேசட் வந்தது. படம் வீட்டுக்குள் நுழைந்தது, கூட்டம் கலைந்தது. எல்ஜின் தியேட்டரே ஜாய்ஸ் என்ற நடன அரங்கமாகிவிட்டது. வாட்டர்ஸ் 1988இல் ‘ஹேர்ஸ்ப்ரே’ எடுத்தார். பழைய பால்டிமோர் தொலைக்காட்சி நடன நிகழ்ச்சியையும் அதில் இருந்த நிறவெறியையும் வைத்துச் செய்த, குழந்தைகளும் பார்க்கக்கூடிய படம். பின்னால் பிராட்வே இசைநாடகமாகி 2003இல் எட்டு டோனி விருது வாங்கியது. படம் வெளியான சில நாட்களிலேயே, 1988 மார்ச் 7 அன்று, 42 வயதில் டிவைன் தூக்கத்தில் இறந்துபோனார். பால்டிமோருக்குப் பக்கத்து டௌசன் ஊரில் இருக்கும் அவர் கல்லறையில் ரசிகர்கள் இன்றும் எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள்.

1997இல் இருபத்தைந்தாம் ஆண்டு மறுவெளியீடு. 16 மி.மீ. பிலிம் 35க்குப் பெரிதானது. முதலில் கேட்காமல் எடுத்துப் போட்டிருந்த பாட்டுகளுக்கு இப்போது முறையாக உரிமை வாங்க வேண்டியிருந்தது. சான்றிதழ் வாரியம், பலவகை வக்கிரங்கள் வெளிப்படையாக இருப்பதாகக் காரணம் எழுதி, பெரியவர்களுக்கு மட்டுமான என்.சி.-17 கொடுத்தது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நட்சத்திர மதிப்பெண் போட மறுத்துவிட்டார். இதைப் படம் என்பதைவிட ஒரு பொருள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். திட்டித்தான் சொன்னார். ஆனால் இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. 2014இல் வாட்டர்ஸ் இதே திரைக்கதையைக் குழந்தைகளுக்கு ஏற்றபடி திருத்தி, சிறுவர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்து வாசிக்கச் செய்து ‘கிட்டி ஃபிளமிங்கோஸ்’ என்று எடுத்தார். அது கலைக்கூடங்களில் ஓடியது.

நியூ லைன் கம்பெனி என்ன ஆனது என்பதும் இந்தக் கதையில் சேர்த்திதான். 1984இல் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ அதைப் பணக்காரக் கம்பெனியாக்கியது. 2001இல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையைத் தொடங்கி உலகத்தையே வளைத்துப் போட்டது. 2021 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், தேசிய திரைப்படப் பதிவேட்டுக்கு அந்த ஆண்டின் 25 படங்களை அறிவித்தது. பண்பாடு, வரலாறு, அழகியல் காரணமாகப் பாதுகாக்கவேண்டியவை என்று தேர்வாகும் படங்கள் அவை. அந்த ஒரே பட்டியலில் எல்ம் தெருப் பேயும், மோதிரக் கதையின் முதல் பாகமும், நாய்ப்பீ தின்ற டிவைனும் இருந்தார்கள். மூன்றும் ஷேயின் கம்பெனிப் பெட்டிகள். அடுத்த ஆண்டு ‘ஹேர்ஸ்ப்ரே’ சேர்ந்தது. கூடவே டிஸ்னியின் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’. அதில் வரும் ஊர்சுலா என்ற கடல் சூனியக்காரியை வரைந்தவர்கள் டிவைனைப் பார்த்துத்தான் வரைந்தார்கள்!

2022இல் கிரைட்டீரியன் நிறுவனம் 4கே தரத்தில் படத்தைத் துடைத்துப் புதுப்பித்து வெளியிட்டது. 2023இல் ஆஸ்கர் அகாடமியின் அருங்காட்சியகம் வாட்டர்ஸுக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. பால்டிமோர் கலை அருங்காட்சியகத்துக்குத் தன் சேகரிப்பை எழுதிவைத்த வாட்டர்ஸ், பதிலுக்குக் கழிப்பறைக்குத் தன் பெயரை வைக்கச் சொன்னார், வைத்தும் விட்டார்கள். கௌரவங்கள் இவ்வளவு வந்தும் படம் ஒரு ஃப்ரேம்கூடத் திருந்தவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

வாட்டர்ஸ் ரசிகர்களிடம் எது சிறந்தது என்று கேட்டால் சண்டை வரும். பழைய ஆட்கள் 1974இன் ‘ஃபீமேல் டிரபிள்’ என்பார்கள், வீடியோ காலத்தில் வந்தவர்கள் ‘சீரியல் மாம்’ என்பார்கள், குடும்பஸ்தர்கள் ‘ஹேர்ஸ்ப்ரே’ என்பார்கள். என் ஓட்டு ‘ஃபீமேல் டிரபிளு’க்குத்தான், நகைச்சுவையாக அது இதைவிட நல்ல படம். இவரை இதுவரை பார்க்காதவர்கள் ‘ஹேர்ஸ்ப்ரே’யில் தொடங்குங்கள். ‘பிங்க் ஃபிளமிங்கோஸை’ப் பார்த்தே தீருவேன் என்றால், தனியாகப் போனில் பார்க்காதீர்கள். அது வழக்கு நடந்த அறையில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி ஆகிவிடும். நாலு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போடுங்கள், சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிடுங்கள்.