அயல் நிறுவனம் எது? தூத்துக்குடி – கொழும்புக் கப்பல் போட்டியும் உள்நாட்டுப் போக்குவரத்து உரிமையும்

முன்னுரை

ஒரு நாட்டின் இரு நகரங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்லும் உரிமையைப் பிறநாட்டு வானூர்திகளுக்கு மறுக்க, 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு ஒவ்வொரு நாட்டிற்கும் இடமளிக்கிறது. அண்டை நாடுகள் தம்முள் இவ்வுரிமையைப் பகிர்ந்துகொண்டதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதல் தன் உறுப்பு நாடுகளின் நிறுவனங்களுக்கு இதனை முழுமையாகத் திறந்துவிட்டது. இவ்வாறு திறக்கும்போது அயல் நிறுவனம் என்பதை எவ்வாறு வரையறுப்பது என்னும் வினா எழுகிறது. வான்வழிக்கு முன்னரே கடல்வழியில் இவ்வினா எழுந்ததைத் தூத்துக்குடி வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டணப் போட்டி

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவுபெற்றது. அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907இல் கலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. கொழும்பு வழியில் அதுவரை மேலோங்கியிருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்ததாகவும், சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்ததாகவும், பின்னர்ப் பிரிட்டிஷ் கம்பெனி இலவசப் பயணத்துடன் குடையும் வழங்க முன்வந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். பல வழிகளில் கப்பல் விட்ட நிறுவனம் ஒரு வழியின் இழப்பைத் தாங்கவியலும். இவ்வொரு வழியையே பெரிதும் நம்பிய நிறுவனத்திற்கு அது இயலாது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

கொடியும் உடைமையும்

பிரிட்டிஷ் கம்பெனி அன்றைய சட்டத்தின் பார்வையில் அயல் நிறுவனம் அன்று. அது ஆளும் பேரரசைச் சார்ந்தது. ஆதலின் கொடியை அளவுகோலாகக் கொண்ட பாதுகாப்பு அன்று இருந்திருப்பினும் சுதேசிக் கம்பெனிக்குப் பயன்பட்டிராது. 1928இல் சாராபாய் ஹாஜி மத்தியச் சட்டமன்றத்தில் கொணர்ந்த கடலோரப் போக்குவரத்து ஒதுக்கீட்டு மசோதா இக்குறையை உணர்ந்து, கட்டுப்படுத்தும் உடைமை இந்தியரிடம் இருத்தல் வேண்டும் என்றது. அது சட்டமாகவில்லை. விடுதலைக்குப்பின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் கடலோர வணிகத்தில் அயல்நாட்டுக் கப்பல்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 2018இல் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குப் பெட்டகங்களுக்கு அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது.

முடிவுரை

ஐரோப்பிய ஒன்றியமும் வானூர்தி நிறுவனங்களின் பெரும்பான்மை உடைமை உறுப்பு நாட்டினரிடம் இருத்தலை வலியுறுத்துகிறது. எனினும் உடைமை விதி மட்டும் போதாது. இழப்பிற்கு விற்றுப் போட்டியாளரை வெளியேற்றுவதைத் தடுக்கும் விதியும் உடன் வேண்டும். அஃதின்றேல் பயணி பெறும் மலிவுக் கட்டணம் போட்டி நீடிக்கும்வரைக்குமே என்பதைத் தூத்துக்குடி வரலாற்றால் அறியமுடிகிறது.