முதிரை அலுமாரி

வெள்ளவத்தையில் தொடர்மாடிக்கு மாறியபோது அம்மம்மாவின் அலுமாரியை நாலாம் மாடிக்கு ஏற்ற ஆறு பேர் தேவைப்பட்டார்கள். லிஃப்ட்டுக்குள் அது நுழையவில்லை. "உள்ளுக்குள்ள இரும்போ ஐயா?" என்று தூக்கியவர்களில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். முதிரை மரம் என்றேன்.

முப்பது வருஷம் புவியியல் படிப்பித்தவன் நான். உலகின் காடுகள் என்ற பாடம் வந்தால் இலையுதிர் காட்டுக்கு ஓக், மேப்பிள் என்று கரும்பலகையில் எழுதுவேன். குளிரில் நிலத்து நீர் உறைந்துவிடும், வேர் உறிஞ்ச ஒன்றும் இராது, ஆகவே மரம் இலையைக் கொட்டிவிடும் என்று விளக்குவேன். ஓக் மரத்தை நானும் கண்டதில்லை, பிள்ளைகளும் கண்டதில்லை. ஆனால் யாழ்ப்பாணம் போகிற ஒவ்வொரு முறையும் வவுனியாவுக்கு அப்பால் இலை கொட்டி நின்ற முதிரையை பஸ் யன்னலால் பார்த்திருக்கிறோம். அதைப் பாடத்தோடு சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. வெட்கம்தான்.

லண்டனில் வருஷத்துக்குப் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீற்றர். வவுனியாவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பிறகேன் அந்த வன்னிக் காட்டு மரம் இலை கொட்டுகிறது? பெரும்பகுதி மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசிக்குப் பிறகு மாதக்கணக்கில் வரட்சி. அங்கே பனி செய்வதை இங்கே வெயில் செய்கிறது. எல்லா மரமும் அப்படியல்ல. பாலையும் வீரையும் தோல்போன்ற தடித்த இலையோடு பச்சையாகவே நிற்கும், பக்கத்தில் முதிரை வெறுங்கொம்பாகும். அதனால் வன்னிக்காட்டை முழு இலையுதிர் காடென்று சொல்லிவிட முடியாது.

அந்த வெறுங்கொம்பு மரத்தின் வைரத்தை வெள்ளைக்காரன் நன்றாக அறிந்திருந்தான். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 205 அடி நீளத்துக்கு ஒரே வளைவாக முதிரைப் பாலம் போட்டார்கள். ஆணியும் இல்லை, திருகாணியும் இல்லை, மரத்தோடு மரம் பொருத்திய வேலை. 1833இல் முடிந்த பாலம் 1905 வரை நின்றது. கருங்காலியும் முதிரையும் கப்பலேறி இங்கிலாந்து வீடுகளுக்கு மேசையாகவும் அலுமாரியாகவும் போயின. காடு மெலிந்தபின்தான் கணக்கெடுத்தார்கள்: 1882இல் வின்சென்ட் என்ற வன அதிகாரியின் அறிக்கை, 1885இல் வனச் சட்டம்.

எங்கள் அலுமாரி பிறந்தது கொட்டாஞ்சேனையில், அம்மப்பாவின் கலியாணத்துக்கு. அந்த ஊர்ப் பெயரின் வாலில் நிற்கும் சேனையும் காடு வெட்டி எரித்து விதைத்த நிலம்தானே. மரம் வன்னியிலிருந்து வந்தது. செய்தவர் மொறட்டுவை பாஸ் ஒருவர். முதிரைத்தூள் பட்டு அவருடைய கையெல்லாம் தடித்துச் சொறிந்ததாம். அம்மம்மா தேங்காயெண்ணெய் கொடுத்தாவாம். அந்தத் தூளுக்கு அப்படி ஒரு குணம் உண்டென்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன்.

1990இல் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதை அரசாங்கம் நிறுத்தியது. இப்போது பழைய வீடு இடிக்கிற இடத்தில் முதிரைத் தீராந்திக்கு ஆட்கள் காத்து நிற்கிறார்கள். அலுமாரியைக் கேட்டும் இரண்டு பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை. திரும்ப இறக்க எனக்கு ஆறு பேர் கிடைக்கமாட்டார்கள்.