வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் (1924–1936, ஆறு தொகுதிகள்) புரட்டிப் பாருங்கள். வினைச்சொற்களுக்குப் பக்கத்தில் 1 முதல் 13 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். பக்க எண்ணோ பொருள் எண்ணோ இல்லை. அது வினையின் வகை. முக்காலத்திலும் அந்தச் சொல் எப்படி மாறும் என்பதை அந்த ஒரு எண்ணே சொல்லிவிடும்.

'உடை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். லெக்சிகனில் உடைதல் 4, உடைத்தல் 11. நாலு என்றால் உடைகிறது, உடைந்தது, உடையும். பதினொன்று என்றால் உடைக்கிறான், உடைத்தான், உடைப்பான். தானாக நடந்ததா, யாரோ செய்ததா என்பது வினைக்குள்ளேயே இருக்கிறது.

இந்த வகைப்பாட்டின் அடிப்படை கார்ல் கிரவுல் செய்தது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர். 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணம். 1855-ல் தமிழ் இலக்கண நூல்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'பிரேக்' ஒன்றுதான். கண்ணாடியும் 'பிரோக்', பையனும் கண்ணாடியை 'பிரோக்'. செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்துத்தான் பிரிக்கணும். பழைய ஜோடிகளில் சில மிச்சம் உண்டு: 'ஃபால்' விழு, 'ஃபெல்' வெட்டி வீழ்த்து. ஆனால் 'ஃபால்' என்பதன் இறந்தகாலமும் 'ஃபெல்'தான். குழப்பத்துக்குக் கேட்கணுமா!

தேனாம்பேட்டையோ தேனியோ, நம்ம பிள்ளைகள் 12 டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்கிறார்கள். 'உடைந்தது', 'உடைத்தது' வித்தியாசம் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். ஆங்கில வினையை அங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுத்தால் பாதி பயம் போய்விடும்.